மாவில் கலந்த சேலை

பாளையங்கோட்டையில் மைக் வெயிலுமுத்துவின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஜவுளிக் கடை, சர்க்கஸ், கவுன்சிலர் தேர்தல், இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று எதைக் கொடுத்தாலும் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்.

கண் முகாமுக்கு அத்தனை முறை ஊரைக் கூப்பிட்டவர், தான் ஒருமுறைகூடப் போகவில்லை. கண் அழுத்த நோய் ஓசைப்படாமல் வந்து இரண்டு கண்களையும் வாரிக்கொண்டு போனபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

குரல் மட்டும் அப்படியே இருந்தது. இப்போதெல்லாம் ஆட்டோவில் உட்கார்ந்து கத்த வேண்டியதில்லை, பதிவு செய்து கொடுத்தால் போதும், கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டத் தெரிந்தால் வீட்டிலிருந்தே தொழில் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். டயர் கடை மாடியில் பார்வையில்லாதவர்களுக்குக் கணினி சொல்லித் தரும் ஜெபக்கனி டீச்சரிடம் வந்து சேர்ந்தார். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. பேச்சும் குறைவு.

முதல் நாளே கேட்டுவிட்டார்.

"டீச்சர், இதைச் சீக்கிரம் படிச்சு முடிக்க என்ன வழி?"

"உட்காருங்க அண்ணாச்சி."

"உட்கார்ந்தாச்சு. அடுத்து?"

"மெஷின் பேசும். அது பேசி முடிக்கட்டும்."

"எப்ப முடிக்கும்?"

"நீங்க முடிச்ச பிறகு."

திரையில் இருப்பதையெல்லாம் ஒரு பெண் குரல் வாசித்துச் சொல்லும். எந்த இடத்தில் நிற்கிறோம், எதைத் திறந்திருக்கிறோம், எந்த விசையைத் தட்டினோம், எல்லாம் அந்தக் குரல்தான். வெயிலுமுத்து அதற்கு மதினி என்று பெயர் வைத்தார்.

"எங்க அண்ணன் பொண்டாட்டியும் இப்படித்தான் டீச்சர். கதவு திறந்திருக்குன்னு சொல்ல, கதவு செஞ்ச ஆசாரியோட தாத்தாகிட்ட இருந்து ஆரம்பிப்பா."

கண்ட்ரோல் விசையை ஒரு தட்டுத் தட்டினால் மதினி பாதிச் சொல்லிலேயே வாயை மூடிக்கொள்வாள். படித்ததிலேயே வெயிலுமுத்துவுக்கு உயிராகப் பிடித்துப்போன பாடம் அது. மதினி வாயெடுப்பாள், இவர் தட்டுவார். வாயெடுப்பாள், தட்டுவார். வகுப்பில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்தத் தட்டும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

"பாதியிலேயே நிறுத்துறியளே அண்ணாச்சி?"

"முதல் எழுத்தைச் சொன்னாலே மீதி எனக்குத் தெரிஞ்சிரும் டீச்சர். இந்த வாயை வச்சு முப்பது வருஷம் பிழைச்சவன் நான்."

"ம்" என்றார் டீச்சர்.

அதே வகுப்பில் சபுரா படித்தாள். மேலப்பாளையத்துப் பெண். சட்டக் கல்லூரியில் எல்லாத் தாளையும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர. ஒப்பந்தச் சட்டம். அது மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளுடைய அண்ணன், அவள் ஊர் வழக்கப்படி காக்கா, புத்தகம் முழுவதையும் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசித்து, தமிழில் விளக்கமும் சொல்லி, போனில் பதிந்து கொடுத்திருந்தான். பிறகு சவுதியில் தமாமுக்கு வேலைக்குப் போய்விட்டான். போகிற அவசரத்தில் அந்தப் போனையும் விற்றுவிட்டான். அத்தனை பாடமும் இருந்தது ஒரே ஒரு பென் டிரைவில்.

அடுத்த வாரம் பரீட்சை.

"இவ்வளவையும் ஒத்தை இடத்துல வச்சிருக்கியே, இங்கே ஒரு பிரதி எடுத்து வையி" என்றார் டீச்சர். பென் டிரைவை வாங்கி வெயிலுமுத்துவின் கையில் கொடுத்தார். "அண்ணாச்சி, இது உங்க வேலை. பிரதி எடுக்கணும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"மாமா, பத்திரம்" என்றாள் சபுரா. "அதுக்குள்ள எங்க காக்கா இருக்கான்."

"உங்க காக்காவைக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சுத் தாரேன், போ."

வேலை சின்னதாக இருந்தது. அதுதான் வினை. விருந்துக்கு இலை போடுவதற்கு முன்னால் தரையைக் கூட்டுவதில்லையா? கம்ப்யூட்டரில் அவர் பழகுவதற்காகப் பதிந்த விளம்பரங்கள் ஒரு குப்பையாகக் கிடந்தன. முதலில் அதை அழித்து இடத்தைச் சுத்தம் செய்வோம் என்று நினைத்தார். விளம்பரங்கள் ஒரு ஜன்னலில். சபுராவின் பாடம் இன்னொரு ஜன்னலில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். எங்கே வந்திருக்கிறோம் என்று சொல்ல மதினி வாயெடுத்தாள். தட்டினார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார். அழி என்றார். நிச்சயந்தானா என்று கேட்க மதினி மறுபடி வாயெடுத்தாள். தட்டினார். ஆமாம் என்று என்டரைத் தட்டினார்.

"இந்தக் கோப்புறை காலியாக உள்ளது" என்றாள் மதினி. அதை மட்டும் முழுதாகச் சொல்ல விட்டார். கேட்பதற்கு நன்றாக இருந்தது.

பிறகு அடுத்த ஜன்னலுக்குத் தாவினார்.

"சேலை விளம்பரம் ஒன்று. சேலை விளம்பரம் இரண்டு. சேலை விளம்பரம் மூன்று."

அப்படியானால் அழித்தது சபுராவின் பாடத்தை. திரும்பத் தாவினார். காலி. குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். பென் டிரைவில் அழித்தது அங்கே வந்து விழாது என்று டீச்சர் என்றைக்கோ சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கேயும் காலி.

அப்போது ஒரு காரியம் செய்தார். ஏன் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அந்தக் காலி என்ற சொல்லை இன்னொருமுறை கேட்க முடியவில்லை. தன் சேலை விளம்பரம் ஒன்றை எடுத்து சபுராவின் பென் டிரைவில் போட்டார். இப்போது மதினி காலி என்று சொல்லவில்லை. ஒரு நிமிடம் மூச்சு விட்டார். அதுவும் பொறுக்கவில்லை. அந்த விளம்பரத்தையும் அழித்தார்.

"அண்ணாச்சி, என்ன ஆச்சு?" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"ஒண்ணும் ஆகலையே டீச்சர்."

"உங்க சத்தத்தையே காணோமே?"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. "சபுரா பாடத்தை அழிச்சிட்டேன் டீச்சர். மொத்தமும் போச்சு."

அறையில் விசை தட்டும் சத்தமெல்லாம் நின்றது. சபுரா எழுந்து வருவது கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"நேத்துத்தான் மாமா, காக்கா போன்ல கேட்டான். பாடம் பத்திரமா இருக்கான்னு. பத்திரமா இருக்குன்னு சொன்னேன்."

திட்டியிருந்தால் தேவலை.

டீச்சர் வந்து பென் டிரைவை உருவி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"அழுவாத சபுரா. அழியலை."

"காலின்னு மதினி சொன்னாளே டீச்சர்" என்றார் வெயிலுமுத்து.

"வீட்டு வாசல்ல 'வாடகைக்கு விடப்படும்'னு போர்டு மாட்டியாச்சு, அவ்வளவுதான். குடியிருக்கிறவங்க இன்னும் உள்ளேதான் இருக்காங்க. புதுசா ஆள் வந்து சாமானை இறக்காத வரைக்கும் அவங்களை ஒண்ணும் செய்ய முடியாது." டீச்சர் வெயிலுமுத்து பக்கம் திரும்பினார். "அழிச்ச பிறகு இதுல ஏதாவது போட்டியளா அண்ணாச்சி?"

"இல்லை."

"சரி" என்றார் டீச்சர். "உட்காருங்க. நீங்க அழிச்சிய, நீங்களே எடுங்க."

"நானா? என் கை பட்டாலே—"

"அந்தக் கைதான்."

அழிந்ததைத் தேடி எடுக்கும் நிரல் ஒன்று டீச்சரிடம் இருந்தது. படமோ பொத்தானோ கிடையாது, வெறும் எழுத்து. அதனால் மதினி அதை ஒரு வரி விடாமல் வாசிப்பாள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த விசை என்று மட்டும் சொன்னார். தொடவில்லை.

தேடி முடித்து, கிடைத்ததை எங்கே வைக்க வேண்டும் என்று நிரல் கேட்டது. மதினி அதைச் சொல்லத் தொடங்கினாள். வெயிலுமுத்துவின் விரல் தானாகக் கண்ட்ரோலுக்குப் போயிற்று.

"அவ இன்னும் முடிக்கலை" என்றார் டீச்சர்.

விரலை மடக்கிக்கொண்டார். மதினி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில்தான் சொன்னாள், அதே பென் டிரைவில் சேமித்தால் இன்னும் எடுக்காதவை அழிந்துபோகும் என்று. அப்படியே என்டரைத் தட்டியிருந்தால் அதே பென் டிரைவுதான்.

வெயிலுமுத்து சேமிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்.

கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சபுரா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றுக்கும் அவள் பிடி இறுகியது. ஒன்றைத் திறந்து காட்டினார். குக்கர் விசில் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு ஆண்பிள்ளைக் குரல்: "சம்மதம் என்றால் என்ன? சபுரா, தூங்கிட்டியா? கண்ணை மூடிட்டியா?" அதற்குப் பதிலாக ஒரு பெண் குரல்: "திறந்து வச்சா மட்டும் என்னத்தைப் பார்க்கப் போறேன்? நீ வாசி காக்கா."

சபுரா சிரித்தாளா அழுதாளா என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் வலித்தது.

ஆனால் ஒரு சிக்கல். குரல் வந்தது, பெயர் வரவில்லை. எல்லாக் கோப்புக்கும் வெறும் எண்தான். எது முதல் பாடம், எது கடைசி, எது எந்தப் பிரிவு, ஒன்றும் தெரியாது. நூறைத் தாண்டிக் கிடந்தன.

"இப்ப என்ன செய்ய டீச்சர்?"

"கேட்டுப் பார்த்துப் பேர் வைக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"தொடக்கத்தைக் கேட்டாப் போதும்லா?"

"எங்க காக்கா பாடத்துக்கு முன்னாடி ஊர்க் கதை எல்லாம் பேசுவான் மாமா" என்றாள் சபுரா. "பிரிவு நம்பர் கடைசியிலதான் வரும்."

மறுநாளிலிருந்து வெயிலுமுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். வாழ்நாளில் யார் பேசியும் முழுதாகக் கேட்டறியாத மனிதர், ஒப்பந்தச் சட்டத்தை முழுதாகக் கேட்டார். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். இரண்டாம் நாள் காக்காவின் பேச்சு பழகிவிட்டது. அவன் எங்கே இருமுவான், எங்கே தங்கையை வம்புக்கு இழுப்பான் என்று காத்திருந்து கேட்டார். திடீர் திடீரென்று மூலையிலிருந்து தனியாகச் சிரிப்புச் சத்தம் வரும். கேட்டு முடித்ததற்குப் பெயர் வைத்து, சபுரா உடனுக்குடன் படிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது.

"டீச்சர், அடுத்தவன் பொருளை நம்பி ஒப்படைச்சா, அதை நம்ம சொந்தப் பொருள் மாதிரி பார்த்துக்கணுமாம். நூத்தி அம்பத்தொண்ணாம் பிரிவு."

"அப்படியா?"

"அடுத்த பிரிவுல தப்பிக்க வழி இருக்கான்னு பார்த்தேன். இருக்கு. ஆனா அது ஒழுங்காப் பார்த்துக்கிட்டவனுக்கு மட்டுந்தானாம்."

சபுரா சிரித்தாள். "மாமா, நீங்களும் எங்கூட வந்து பரீட்சை எழுதுங்க."

"எழுதிருவேன். மைக்கைக் குடுத்தாச் சத்தமாவே எழுதுவேன்."

பரீட்சைக்கு முந்தின நாள் சில கோப்புகளே பாக்கி. ஒன்றைத் திறந்தார். காக்கா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருத்தன் உன்னிடம் ஒரு பீப்பாய் நல்ல மாவைக் கொடுத்து வைக்கிறான். நீ அவனைக் கேட்காமல் உன் வீட்டு மட்ட மாவை அதோடு கலந்துவிட்டாய். இனிமேல் பிரிக்க முடியாது. அப்படியானால்—

"வாங்கம்மா வாங்க! நெல்லை மாநகரத் தாய்மார்களே! ஒரு சேலை எடுத்தால் ஒரு சேலை இலவசம்!"

வெயிலுமுத்து ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

தன் குரல்தான். தேய்க்காத பித்தளைக் குடத்தை உருட்டிவிட்டதுபோல முழங்கியது. பட்டுச் சேலை, பருத்திச் சேலை, கைத்தறிச் சேலை. ஒரு நிமிடம் முழங்கிவிட்டு ஓய்ந்தது. பிறகு காக்கா ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்தான்: "—அதனாலதான் சபுரா, அடுத்தவன் பொருள்ல கையை வைக்கக் கூடாது."

நடுவில் இருந்த ஒரு நிமிடம் இல்லை. அந்த இடத்தில் இவர் சாமானை இறக்கியிருந்தார்.

ஹெட்போனுக்குள் நடந்தது வேறு யாருக்கும் கேட்கவில்லை. வெட்டி ஒட்ட இப்போது அவருக்கு நன்றாகவே வரும். சேலையை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்தால் தையல் தெரியாது. காக்கா நடுவில் எதையோ விட்டுவிட்டான் என்று போய்விடும். கை விசைப்பலகை மேல்தான் இருந்தது.

பக்கத்து மேஜையில் சபுரா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் பெயர் வைத்துக் கொடுத்த பாடம் ஒன்றைக் காக்காவோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். காக்கா இருமும் இடத்தில் அவளும் இருமினாள்.

வெயிலுமுத்து ஹெட்போன் வயரைப் பிடுங்கினார். ஒலியைக் கூட்டினார். தொடக்கத்திலிருந்து ஓடவிட்டார்.

மாவு வந்தது. மட்ட மாவு வந்தது. பிரிக்க முடியாது என்றான் காக்கா. அப்படியானால்—

"வாங்கம்மா வாங்க!"

 சபுராவிடமிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். வகுப்பே சேர்ந்துகொண்டது. கைத்தறிச் சேலை வரும்போது அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

"டீச்சர்" என்றார் வெயிலுமுத்து. எழுந்து நின்றிருந்தார். "அன்னைக்கு இல்லைன்னு சொன்னேன். பொய். அழிச்ச பிறகு இதை அதுல போட்டேன். காலின்னு கேக்க பயமா இருந்துது. இவ பாடத்துல ஒரு நிமிஷம் என்னாலதான் போச்சு."

"அந்த ஒரு நிமிஷத்துல என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றாள் சபுரா, விக்கலுக்கு நடுவில். "நூத்தி அம்பத்தேழு. பிரிக்க முடியாதபடி கலந்தவன் உடையவனுக்கு நஷ்டஈடு தரணும். செத்தாலும் இனி மறக்காது. ஹாலுக்குள்ள சிரிச்சு வெளியே அனுப்பாம இருந்தாச் சரி."

"நஷ்டஈடு என்ன வேணும், சொல்லு."

அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி உங்க குரல்ல தலைப்பு வேணும். ஆட்டோவுல சொல்லுவியல்லா, அப்படி. இந்தச் சேலையை மட்டும் எடுக்கக் கூடாது. அது கிடக்கட்டும்."

"காக்கா ஏசுவானே?"

"காக்காவுக்கு முதல்ல இதைத்தான் அனுப்பப் போறேன்."

அன்று மத்தியானம் முழுவதும் டயர் கடை மாடி அதிர்ந்தது.

"பெருமதிப்பிற்குரிய சட்டக் கல்லூரிப் பெருமக்களே! இதோ வருகிறது, இதோ வருகிறது! நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த பிரிவு பதினேழு! ஏமாற்று! ஏமாற்று! ஏமாற்று!"

கீழேயிருந்து டயர் கடைக்காரர் குரல் கொடுத்தார். "ஏ டீச்சர், மேல என்ன, எலெக்சனா?"

"பரீட்சை" என்றார் டீச்சர்.

சாயங்காலம் சபுரா பென் டிரைவைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு கிளம்பினாள். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, டீச்சர் போனில் ஒரு பிரதி, தமாமில் ஒரு பிரதி இருந்தது. படியில் இறங்கும்போதே "வாங்கம்மா வாங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போவது மேலே கேட்டது.

வகுப்பு காலியாயிற்று. டீச்சர் ஒவ்வொரு மெஷினாக அணைத்துக்கொண்டு வந்தார். வெயிலுமுத்து போகாமல் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் பொய் சொன்னேன்னு இன்னைக்குத்தானே உங்களுக்குத் தெரியும்?"

"இல்லை. அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"இல்லைன்னு ஒத்தைச் சொல்லோட நிறுத்திட்டிய. நீங்க ஒரு சொல்லோட நிறுத்துற ஆளா?"

வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"பிறகு ஏன் டீச்சர் ஒரு வாரமா ஒரு வார்த்தை சொல்லலை?"

கடைசி மெஷின் அணைந்தது. அதன் விசிறி நிற்கும்வரை டீச்சர் பொறுத்திருந்தார்.

"நான் ஏதாவது சொல்லியிருந்தா அண்ணாச்சி, உங்க சேலை மாதிரி அது உள்ளே இருந்த நிஜத்து மேல போய் உட்கார்ந்திருக்கும். இன்னைக்கு நீங்களா எடுத்துக் குடுத்தியளே, அது நமக்குக் கிடைச்சிருக்குமா?"